நாலு ரவுண்டு மைல்: முதல் 200 மீட்டரில் அடக்கி, மூன்றாவது ரவுண்டில் செலவழிப்பது

ஒரு மைல் என்றால் 1609.34 மீட்டர். 400 மீட்டர் டிராக்கில் நாலு ரவுண்டும், கூடவே 9.34 மீட்டரும். அதனால்தான் மைல் பந்தயத்தின் தொடக்கக் கோடு, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வளைவாகப் போடப்பட்டிருக்கும். மீட்டர் கணக்கில் அடங்காத தூரங்களில் டிராக் உலக சாதனை இன்றும் அங்கீகரிக்கப்படுவது இதற்கு மட்டும்தான். ஆண்களில் ஹிச்சாம் எல் கெரூஜ் 1999-இல் ரோமில் ஓடிய 3:43.13, பெண்களில் ஃபெய்த் கிப்யேகோன் 2023-இல் மொனாக்கோவில் ஓடிய 4:07.64.

கேரள-தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கம் மைல் என்ற பெயரிலேயே பந்தயம் நடப்பது அபூர்வம். ஆனால் அந்தத் தூரத்தை ஓடாத பையன்கள் இங்கே குறைவு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ஆர்மி ராலியில் அது 1.6 கிலோமீட்டர், 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மார்க், முழு மார்க். கேரளப் போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வின் எட்டு ஐட்டங்களில் ஒன்று 1500 மீட்டர், ஆண்களுக்கு 5 நிமிடம் 44 வினாடி. தமிழ்நாடு போலீஸ் தேர்விலும் 1500 மீட்டர்தான், ஆனால் 7 நிமிடம் தருகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விண்ணப்பம் போடுகிறவர்கள் இந்த மூன்றையும் ரவுண்டுக் கணக்கில் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ராலிக்கு ரவுண்டுக்கு 82.5 வினாடி, கேரளத் தேர்வுக்கு ஏறக்குறைய 92, தமிழ்நாட்டுத் தேர்வுக்கு 112. ராலிக்கு ஒழுங்காகத் தயாரானவருக்கு மற்ற இரண்டும் தானாக அடங்கிவிடும். அறிவிக்கைகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிக்கையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இலக்கு நேரத்தை ஆசையிலிருந்து எடுக்காதீர்கள். 1500 மீட்டர் நேரம் கையில் இருந்தால் அதை 1.08-ஆல் பெருக்கினால் மைல் நேரம் ஓரளவு சரியாக வரும்: 4:40 ஓடுகிறவர் மைலை 5:02-க்கு ஓடலாம். 1600 மீட்டர் நேரம் இருந்தால் இன்னும் எளிது, ஐந்து நிமிட ஆளுக்கு ஒன்றே முக்கால் வினாடியைக் கூட்டினால் போதும். எந்த நேரமும் கையில் இல்லையென்றால் ஒரு சோதனை: இலக்கு வேகத்தில் நாலு முறை 400 மீட்டர், நடுவில் சரியாக ஒரு நிமிடம் ஓய்வு. நாலாவது 400-ஐ முதல் 400-இன் நேரத்திலேயே முடித்து, முடித்தபின் இரண்டு வார்த்தை பேசவும் முடிந்தால் அந்த இலக்கு உங்களுக்குச் சரி. மூன்றாவதிலேயே நாலைந்து வினாடி நழுவினால் இலக்கை ரவுண்டுக்கு இரண்டு வினாடி தளர்த்துங்கள்.

இனி நேரக் கணக்கு. மைல் பந்தயத்தில் முடிவுக் கோட்டை முதல்முறை தாண்டுவது ஓட ஆரம்பித்த ஏறக்குறைய இரண்டு வினாடியில். அதற்குப் பின் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் கடிகாரம் காட்ட வேண்டியது, முழுக்கச் சம வேகத்தில் ஓடினால், இப்படி:

4:30 இலக்கு: 1:08.7, 2:15.8, 3:22.9
5:00 இலக்கு: 1:16.3, 2:30.9, 3:45.4
5:30 இலக்கு: 1:23.9, 2:46.0, 4:08.0
6:00 இலக்கு: 1:31.6, 3:01.0, 4:30.5

ராலியின் 1600 மீட்டரில் அந்த ஒன்பது சொச்ச மீட்டர் கிடையாது. 5:30 என்றால் 1:22.5, 2:45, 4:07.5. ஆனால் 5:30-க்கே குறி வைக்கிறவர் 5:33-இல்தான் வந்து நிற்பார். 5:26-க்குத் திட்டம் போடுங்கள்: 80, 82, 83, 81. மனித உடம்பு நாலு ரவுண்டையும் அச்சு மாதிரி ஓடாது. முதலும் கடைசியும் ஒரு பொடி வேகமாகவும் நடு இரண்டும் ஒரு பொடி மெதுவாகவும் வருவது இயல்பு. அந்த வித்தியாசம் இரண்டு மூன்று வினாடிக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் 200 மீட்டர்

பெரும்பாலான மைல்கள் கெட்டுப்போவது இங்கேதான். கெட்டது தெரியவருவது 900 மீட்டரில் என்பதால் பழி மூன்றாவது ரவுண்டின் மேல் விழுகிறது. துப்பாக்கி வெடித்ததும் தசையில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் எரிபொருள் முதல் பத்து வினாடிக்கு இலவசமாக ஓட்டிக்கொடுக்கும். ஆக்சிஜன் முழு அளவுக்கு ஏற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இடையில் உள்ள பற்றாக்குறையை உடம்பு ஆக்சிஜன் இல்லாத வழியில் சமாளிக்கிறது. அந்த வழியில் வேலை செய்யும்போது தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. ஏறியது அப்போது தெரியாது. 40 வினாடியில் ஓட வேண்டிய 200-ஐ 34-இல் ஓடினாலும் "சும்மா ஓடுற மாதிரிதான் இருக்கு" என்றே தோன்றும். மைலுக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. மிச்சம் உள்ள சிறு பங்கு ஒரே ஒருமுறை செலவழிக்கக்கூடிய இருப்பு. அதை முதல் வளைவிலேயே கொட்டினால் கடைசி 300-க்கு எதுவும் மிஞ்சாது. முதல் 200-இல் சம்பாதித்த ஆறு வினாடியை மூன்றாவது ரவுண்டில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

அதனால் முதல் 200-க்கு உணர்வை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். இலக்கு 200 நேரத்தைவிட ஒரு வினாடி, மிஞ்சினால் ஒன்றரை வினாடி வேகம் அனுமதி. 5:00 ஆளுக்கு 36, 5:30 ஆளுக்கு 40. செய்யும் முறை: கோட்டிலிருந்து எட்டுப் பத்து எட்டுகள் சுறுசுறுப்பாக எடுத்து இடம் பிடியுங்கள், வளைவின் நடுவுக்கு வருவதற்குள் தோளையும் கையையும் இறக்கி மூச்சை இரண்டு எட்டுக்கு இழுத்து இரண்டு எட்டுக்கு விடும் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கணக்கில் மூச்சு அடங்கவில்லையென்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். 700 மீட்டரில் அவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவார்கள்.

400 மீட்டருக்கு மேற்பட்ட பந்தயங்களில் "செட்" கிடையாது. "ஆன் யுவர் மார்க்ஸ்" சொன்னதும் கோட்டுக்கு வந்து நின்று அசையாமல் இருக்க வேண்டும், அடுத்தது துப்பாக்கிதான். கையைத் தரையில் ஊன்றக் கூடாது.

இரண்டாவது ரவுண்டு: இடம்

இந்த ரவுண்டில் வேகத்தைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. வந்த வேகத்தில் போனால் போதும். யோசிக்க வேண்டியது எங்கே ஓடுகிறோம் என்பதை. உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் ஒவ்வொரு வளைவுக்கும் 3.14 மீட்டர் கூடுதல், ஒரு ரவுண்டுக்கு 6.28. நாலு ரவுண்டும் ஒருவருடைய தோளுக்கு வெளியே ஒட்டிக்கொண்டே ஓடினால் 25 மீட்டர் அதிகம் ஓடியிருப்பீர்கள். 5:30 வேகத்தில் அது ஐந்து வினாடி. 5:28 ஓடக்கூடிய ஆள் 5:33 ஓடி, மார்க் குறைந்த கீழ் குரூப்புக்கு இறங்குவது இப்படித்தான், கால் பலம் குறைந்து இல்லை.

ஆகவே வளைவில் உள்கோட்டை ஒட்டி ஓடுங்கள். முந்துவதை நேர்ப்பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் உங்கள் இலக்கு வேகத்தில் ஓடினால் அவருக்கு ஒரு மீட்டர் பின்னால், கொஞ்சம் வலப்பக்கம் விலகினாற்போல் நில்லுங்கள். காற்றை அவர் வாங்கிக்கொள்வார், உங்கள் காலும் அவர் காலில் தட்டாது. நேர் பின்னால் ஒட்டி நின்றால் பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர் வந்து பெட்டியில் அடைத்த மாதிரி ஆகிவிடும். அடைபட்டால் முழங்கையால் இடிக்காதீர்கள். இடித்தால் தகுதி நீக்கம் வரைக்கும் போகும். அரை எட்டு தளர்த்தி, பக்கத்து ஆளை முன்னே விட்டு, அவருக்குப் பின்னால் வெளியே வந்துவிடுங்கள். கால் வினாடிதான் செலவு. உள்கோட்டுக்கு அந்தப் பக்கம் மிதித்து வெளியேற நினைப்பது அதைவிட மோசம்.

ராலியில் நிலைமை வேறு. ஒரே பேட்ச்சில் பெரிய கூட்டம் ஒன்றாகப் புறப்படும். முதல் வளைவில் விழுந்து எழுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். முன்வரிசை கிடைத்தால் அதன் வெளி ஓரத்தில் நில்லுங்கள். முதல் 50 மீட்டரை இலக்கைவிடச் சற்று வேகமாக ஓடி நெரிசலிலிருந்து விடுபடுங்கள், அடுத்த 150-இல் அதைச் சரிக்கட்டிவிடுங்கள். பின்வரிசையில் மாட்டினால் முதல் ரவுண்டில் மூன்று வினாடி போகும். பதறி ஒரே வளைவில் அதை மீட்கப் போகாமல் அடுத்த மூன்று ரவுண்டுக்கும் ஒவ்வொரு வினாடியாகப் பங்கிடுங்கள்.

மூன்றாவது ரவுண்டு

மைலை நாலாகப் பிரித்தால் பந்தயம் இருப்பது இதில். புதுமை தீர்ந்துபோயிருக்கும், கடைசி ரவுண்டுக்கான மணி அடிக்க இன்னும் ஒரு முழு ரவுண்டு இருக்கும், தொடை கனக்க ஆரம்பித்திருக்கும். உலகத்தரத்திலும் இதே கதைதான். 1954 மே 6-இல் ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு மைதானத்தில் ரோஜர் பேனிஸ்டர் முதன்முதலாக நாலு நிமிடத்தை உடைத்து 3:59.4 ஓடியபோது அவருடைய ரவுண்டுகள் 57.5, 60.7, 62.3, 58.9. வேகம் பிடித்துக்கொடுக்க கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே என்று இரண்டு பேர் முன்னால் ஓடியும் மூன்றாவது ரவுண்டு 62-க்குப் போனது. 58.9 என்ற கடைசி ரவுண்டு கையில் இருந்ததால் அவர் தப்பித்தார்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: அதே முயற்சியை வைத்திருந்தால் வேகம் குறையும். வேகம் அப்படியே இருக்க வேண்டுமானால் முயற்சியைக் கூட்ட வேண்டும். 800 மீட்டர் கோட்டைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டுகிறேன் என்று முடிவு செய்தே ஓடுங்கள். அப்படி நினைத்தால்தான் பழைய வேகமாவது நிற்கும். எட்டை நீட்டாதீர்கள். நீட்டினால் கால் உடம்புக்கு முன்னால் விழுந்து ஒவ்வொரு எட்டிலும் பிரேக் போடும். கையை வேகமாக ஆட்டுங்கள், கால் அதைப் பின்தொடரும். தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா, முஷ்டி இறுகியிருக்கிறதா என்று 900-இல் ஒருமுறை பாருங்கள். இருந்தால் இரண்டு எட்டுக்குக் கையைத் தொங்கவிட்டு உதறி மறுபடி எடுங்கள். மூச்சு இப்போது இரண்டுக்கு ஒன்று என்று மாறும், அதைத் தடுக்க வேண்டாம்.

முன்னால் ஓடுகிறவர் இந்த ரவுண்டில் தளர்ந்தால் கூடவே தளராதீர்கள். அவருக்குப் பின்னால் வசதியாக ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ரவுண்டுக்கு 86 வினாடி ஓடிக்கொண்டிருப்பீர்கள். நேர்ப்பாதை வந்ததும் வெளியே எடுத்து முந்துங்கள், முந்தும்போது பத்து எட்டு தயக்கமில்லாமல் ஓடுங்கள். அரைமனதாக முந்தினால் அவர் ஒட்டிக்கொள்வார்.

கடைசி ரவுண்டு

மணி அடித்ததும் பாய்கிறவர்கள் 250 மீட்டரில் செத்துப்போவார்கள். முதல் வளைவை மூன்றாவது ரவுண்டின் வேகத்திலேயே முடியுங்கள். 300 மீட்டர் மிச்சம் என்பது எதிர்ப்பக்க நேர்ப்பாதையின் ஆரம்பம். கை வேகத்தை இங்கே ஒரு படி ஏற்றுங்கள். யாரையாவது முந்த வேண்டுமென்றால் இந்த நேர்ப்பாதையிலேயே முந்தி, கடைசி வளைவில் உள்கோட்டுக்கு வந்துவிடுங்கள். கடைசி 120-இல் மிச்சம் உள்ளதையெல்லாம் போடுங்கள்.

எங்கிருந்து கிளம்புவது என்பது உங்கள் 400 மீட்டர் நேரத்தைப் பொறுத்தது. கூட ஓடுகிறவர்களைவிட உங்கள் 400 வேகம் என்றால் காத்திருக்கலாம். பந்தயம் மெதுவாகப் போகப்போக உங்களுக்கு லாபம். பாலக்காட்டு முண்டூரின் பி.யு. சித்ரா 2019 தோஹா ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டரில் கடைசிச் சில மீட்டரில் பஹ்ரைன் வீராங்கனையைத் தாண்டி 4:14.56-இல் தங்கம் எடுத்தது இந்த வகை ஓட்டம். 2017 புவனேஸ்வரிலும் தங்கம் அவருக்கே. 400 வேகம் இல்லாதவர் அந்தச் சண்டைக்கே போகக் கூடாது. 600 மீட்டர் மிச்சம் இருக்கும்போதே ரவுண்டுக்கு இரண்டு வினாடி வேகம் கூட்டி, வேக ஆட்களின் காலிலிருந்து வேகத்தை உருவிவிட வேண்டும்.

திரும்பிப் பார்க்காதீர்கள். 1954 ஆகஸ்டில் வான்கூவரில், அன்றைய உலக சாதனைக்காரர் ஜான் லாண்டி முன்னால் ஓடிக்கொண்டு கடைசி வளைவில் இடத்தோள் வழியாகப் பின்னால் பார்த்தார். அதே கணத்தில் பேனிஸ்டர் வலப்பக்கம் தாண்டிப் போய்விட்டார். பேனிஸ்டர் 3:58.8, லாண்டி 3:59.6. ராலியில் ஓடுகிறவருக்கு இது இன்னும் பொருந்தும்: உங்கள் எதிரி கடிகாரம் மட்டும்தான், அது பின்னால் இல்லை.

கணவாய்க் காற்றும் கரிசல் மண்ணும்

பாலக்காட்டுக் கணவாயில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து. கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுற்றுவது சும்மா இல்லை. கிழக்கு மேற்காக நேர்ப்பாதை உள்ள கிரவுண்டில் ஒரு பக்கம் எதிர்காற்று, மறுபக்கம் பின்காற்று. எதிர்காற்றில் இழக்கும் நேரம் முழுவதும் பின்காற்றில் திரும்பி வராது. இப்படிப்பட்ட நாளில் 200 மீட்டர் நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், முழு ரவுண்டு நேரத்தை மட்டும் பாருங்கள். எதிர்காற்றுப் பக்கம் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். தனியாக ஓடினால் அந்த நேர்ப்பாதையில் ஒரு வினாடி விட்டுக்கொடுங்கள். முந்துவது பின்காற்றுப் பக்கம். மார்ச், ஏப்ரல் வெயிலில் சோதனை ஓட்டத்தைக் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்; பகலில் எடுத்த நேரத்தை வைத்து இலக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சித்தூர் தாலுகாவின் கரிசல் மண் கிரவுண்டுகள் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஷூவில் ஒட்டிக் கனக்கும். மழை பெய்த மறுநாள் அங்கே நேரம் எடுப்பது வீண். சிந்தெடிக் டிராக்கில் ஸ்பைக் ஷூவுக்கு 6 மில்லிமீட்டர் ஆணி போதும். மண் டிராக்குக்கு 9. ஸ்பைக் பழக்கம் இல்லாதவர் பந்தய நாளில் முதல்முறை போட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் முன்பிருந்தே 200 மீட்டர் பயிற்சிகளில் போட்டுப் பழகுங்கள்.

ஸ்கூல் கிரவுண்டு பெரும்பாலும் 200 மீட்டர்தான் இருக்கும். அதில் மைல் என்பது எட்டு ரவுண்டும் 9.34 மீட்டரும். 300 மீட்டர் டிராக் என்றால் ஐந்து ரவுண்டும் 109.34-ம். டேப் வைத்து அளக்கும்போது உள்கோட்டின் மேலேயே அளக்காமல், சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்தால் 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளி அளக்க வேண்டும். சின்ன வளைவில் நேரம் இயல்பாகவே சற்று அதிகம் வரும்.

பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள் வேகப் பயிற்சி, மூன்று நாலு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 முதல் 45 நிமிடம். இதற்கு மேல் வேகப் பயிற்சி வைத்தால் ஆறாவது வாரம் முழங்காலோ முன்கால் எலும்போ வலிக்கும்.

வேகப் பயிற்சியில் முதலில் கற்க வேண்டியது வேகத்தை அறிவது. பத்து 200, இலக்கு வேகத்தில், நடுவில் 200 மெதுவோட்டம். ஒவ்வொன்றையும் முடித்ததும் கடிகாரத்தைப் பார்க்கும் முன் எத்தனை வினாடி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் சொல்வதும் காட்டுவதும் அரை வினாடிக்குள் வந்துவிடும். வராதவர்களுக்கு நண்பர் ஒருவர் விசிலோடு நிற்கட்டும்: 100 மீட்டருக்கு ஒரு அடையாளம் வைத்து 5:30-க்கு 20.5 வினாடிக்கு ஒருமுறை ஊதட்டும்.

அடுத்து ஆறு 400, இரண்டு நிமிட ஓய்வுடன். பிறகு மூன்றாவது ரவுண்டுக்கென்றே ஒரு பயிற்சி: 800 இலக்கு வேகத்தில், ஒரு நிமிடம் நின்று, உடனே 400-ஐ இலக்கைவிட ஒரு வினாடி வேகமாக. ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி ஒருமுறை. பிடிக்காத பயிற்சி இது, ஆனால் இதற்கு மாற்று இல்லை. பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் 1200 மீட்டரை இலக்கு வேகத்தில் ஓடி நிறுத்துங்கள். முழு மைல் வேண்டாம். கடைசி நாலு நாள் மெதுவோட்டமும் நாலைந்து 100 மீட்டரும் மட்டும்.

பந்தய நாள்

இரண்டரை மூன்று மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, காரமில்லாத சட்னி. புட்டும் கடலையும், பரோட்டாவும் முந்தின ராத்திரியே வேண்டாம். ராலி விடியுமுன் தொடங்கினால் ஒன்றரை மணி முன்னால் ஒரு நேந்திரம்பழம் போதும். கட்டன் சாயா பழக்கம் உள்ளவர் ஒரு கப் குடிக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெதுவோட்டம், கால் வீச்சுப் பயிற்சிகள், 80 மீட்டர் நாலு தடவை பந்தய வேகத்துக்கு ஏற்றி இறக்குவது. கடைசி ஓட்டத்துக்கும் துப்பாக்கிக்கும் இடையில் ஐந்து முதல் பத்து நிமிடம். ராலியில் வரிசையில் நிறுத்தி அரைமணி நேரம் காக்க வைப்பார்கள். நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி உடம்புச் சூட்டை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் என்றால் வார்ம்-அப்பைப் பாதியாகக் குறைத்து நிழலில் நில்லுங்கள்.

முடித்ததும் குனிந்து விழாமல் ஐந்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். மூச்சு அடங்கியதும் நாலு ரவுண்டு நேரத்தையும் எழுதுங்கள். மூன்றாவது மட்டும் நாலு வினாடி நழுவி நாலாவது மீண்டிருந்தால் அது கவனக் குறைவு. அடுத்த முறை 800-இல் முயற்சியைக் கூட்டினால் சரியாகும். மூன்றும் நாலும் சேர்ந்தே சரிந்திருந்தால் முதல் 200-இல் வேகம் அதிகம் என்று அர்த்தம். அதை ஒன்றரை வினாடி தளர்த்துங்கள். நாலாவது மற்ற மூன்றையும்விட ஐந்து வினாடி வேகமாக வந்திருந்தால், எத்தனை கைதட்டல் கிடைத்திருந்தாலும், நடு ரவுண்டுகளில் நேரத்தை விட்டிருக்கிறீர்கள். அடுத்த பந்தயத்துக்கு இலக்கை மூன்று வினாடி இறுக்கலாம்.